கரண்டை முறிவு அறுவைக்குப் பிறகு: கட்டிலிலிருந்து சம்மணம் வரை

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த முதல் இரவில்தான் கேள்விகள் வரிசையாக வரும். கழிப்பறைக்கு எப்படிப் போவது, காலை எதன்மேல் தூக்கி வைப்பது, விரல்கள் ஏன் இப்படி ஊதிக் கிடக்கின்றன, எப்போது ஊன்றலாம். கேட்பதற்கு அப்போது நர்சும் இருக்க மாட்டார், டாக்டரும் இருக்க மாட்டார்.

என் அம்மா ஒரு மார்கழிக் காலையில் வாசல் தெளித்த ஈரத்தில் வழுக்கி விழுந்தார். வலது கரண்டை முறிந்தது. (கணுக்காலை மதுரைப் பக்கம் கரண்டை என்றுதான் சொல்வோம்.) அறுவை குறையில்லாமல் நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் காலைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது: "ஊன்றக் கூடாது." அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். விரலைக்கூட அசைக்காமல் படுத்திருந்தார். நான் அப்போது வெளியூரில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாரம் கழித்து வந்து தொட்டுப் பார்த்தபோது கெண்டைக்கால் சதை வற்றித் துணி போலத் தொங்கியது. முழங்காலும் மடங்க மறுத்தது. முழங்காலுக்கு அடியே படவில்லை! ஊன்றக் கூடாது என்பது வேறு, அசைக்கக் கூடாது என்பது வேறு. அந்த வித்தியாசத்தை அவருக்கு யாரும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அதுதான்.

கீழே உள்ளவை பொதுவான வழிமுறை. உங்கள் காலைத் திறந்து பார்த்தவர் உங்கள் சர்ஜன். அவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதே சரி.

முதலில், உள்ளே என்ன இருக்கிறது

கிணற்றுக் கப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் தூண், நடுவில் உருளும் கப்பி. முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பின் அடி முனை உள்பக்கத் தூண். பக்கத்திலுள்ள மெல்லிய எலும்பின் முனை வெளிப்பக்கத் தூண். கையால் தடவினால் இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டு நிற்பவை இவைதான். நடுவில் தாலஸ் என்ற எலும்பு கப்பியாக உருள்கிறது. பாதம் மேலும் கீழும் ஆடுவது அதனால்தான். தூண்களைக் கப்பியோடும், ஒரு தூணை இன்னொரு தூணோடும் கட்டி வைத்திருப்பவை தசைநார்கள். நம் ஊரில் இவற்றையே ஜவ்வு என்கிறோம்.

தூண் சற்று விலகினாலும் கப்பி கோணலாக உரசத் தொடங்கும். தாலஸ் வெளிப்பக்கமாக 1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே மூட்டின் தொடுபரப்பு 42 சதவீதம் குறைகிறது என்று 1976-ல் வெளியான ஆய்வு காட்டியது. பிளேட்டும் ஸ்குரூவும் வைத்துத் தூண்களைப் பழைய இடத்திலேயே நிறுத்துவது இதற்காகத்தான். அந்த வேலை அறுவை அரங்கில் முடிந்துவிட்டது. எலும்பு ஒட்டிப் பிடிக்க ஏறக்குறைய 6 வாரம், உறுதிப்பட 12 வாரம் ஆகும். சர்க்கரை நோயாளிகளுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் இன்னும் தாமதமாகலாம். ஆனால் மூட்டின் அசைவும், சதையின் வலுவும், கால்மேல் உங்களுக்கு இருந்த நம்பிக்கையும் ஸ்குரூவால் திரும்பி வருவதில்லை.

டிஸ்சார்ஜ் தாளில் வெபர் ஏ, பி, சி என்று ஏதாவது எழுதியிருக்கும். வெளிப்பக்க எலும்பு மூட்டு மட்டத்துக்குக் கீழே உடைந்தால் ஏ, அதே மட்டத்தில் என்றால் பி, மேலே என்றால் சி. சி வகையில் இரண்டு எலும்புகளையும் சேர்த்துக் கட்டும் ஜவ்வு பெரும்பாலும் கிழிந்திருக்கும். அப்போது ஒரு எலும்பிலிருந்து இன்னொரு எலும்புக்குக் குறுக்கே ஸ்குரூ போட்டிருப்பார்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். எந்தத் தேதியிலிருந்து, எத்தனை கிலோ வரை ஊன்றலாம்? எந்த அசைவு கூடாது? குறுக்கு ஸ்குரூ இருக்கிறதா, இருந்தால் அதை எடுப்பீர்களா? இந்த மூன்றும் தெரிந்தால்தான் எந்த பிசியோதெரபிஸ்டாலும் துணிந்து தொட முடியும்.

முதல் இரண்டு வாரம்

இந்த நாட்களில் வீக்கம்தான் எதிரி. குதிகால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து எதிரே ஸ்டூல்மேல் கால் நீட்டுவது போதாது. படுத்துக்கொண்டு இரண்டு மூன்று தலையணை அடுக்க வேண்டும். தலையணை கெண்டைக்காலுக்கு அடியில் இருக்கட்டும். குதிகாலை அழுத்தி வைத்தால் அங்கே புண் வந்துவிடும்.

காலைத் தொங்கப்போட்டதும் பாதம் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறும். எல்லோரும் பயந்துபோவது இதற்குத்தான். இரத்தம் கீழே இறங்கித் தேங்குவதால் வரும் நிறம் அது. தூக்கி வைத்த சில நிமிடங்களில் வெளுத்துவிட்டால் கவலை வேண்டாம். தூக்கி வைத்தும் விரல்கள் நீலமாகவோ சில்லென்றோ இருந்தால், கட்டு இறுகி மருந்துக்கும் அடங்காமல் வலித்தால், புண்ணில் சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கெண்டைக்கால் கல்லாக இறுகி வலித்தால் இரத்தம் உறைந்திருக்கலாம். அதற்கும் காத்திருக்கக் கூடாது. மூச்சு வாங்கினால் அல்லது நெஞ்சு வலித்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

கட்டுக்குள் கரண்டை அசையாது, மற்றதெல்லாம் அசையலாம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் விரல்களை 20 முறை மடக்கி நீட்டுங்கள். முழங்காலை நேராக நீட்டித் தொடைச் சதையை இறுக்கி 5 விநாடி பிடியுங்கள், 10 முறை. காலை நேராக ஒரு முழம் தூக்கி இறக்குங்கள், 10 முறை. குப்புறப் படுத்து முழங்காலை மடக்குங்கள். என் அம்மா இழந்தது இவற்றைத்தான். இத்தனைக்கும் செலவு ஒரு பைசா கிடையாது.

பங்குனி, சித்திரை வெயிலில் மாவுக்கட்டுக்குள் அரிக்கும். ஈர்க்குச்சியை உள்ளே விட்டுச் சொறிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உள்ளே கீறல் விழுந்து புழுங்கி, தையலுக்குப் பக்கத்திலேயே புண்ணாகிவிடும். டேபிள் ஃபேனைக் காலுக்கு நேராகத் திருப்பி வையுங்கள். தையல் பெரும்பாலும் 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீரும் படக் கூடாது. காலைப் பிளாஸ்டிக் பையால் கட்டி வெளியே நீட்டி, நாற்காலியில் உட்கார்ந்து குளியுங்கள்.

வாக்கர் வாங்கும்போது கடைக்காரர் கொடுத்த உயரத்தையே வைத்துக்கொள்ளாதீர்கள். கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ, அங்கே பிடி இருக்க வேண்டும். அடி ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை மிதியடி, வயர், எண்ணெய்ப் பிசுக்கு எதுவும் இருக்கக் கூடாது. நம் வீடுகளில் நிலைப்படி தடுக்கி இரண்டாம் முறை விழுபவர்கள் உண்டு. முதல் நாளே யாராவது கூட நின்று அந்த நிலையைத் தாண்டிப் பழகுங்கள். தரையோடு பதித்த கழிப்பறைதான் இருக்கிறது என்றால், நடுவில் துளையுள்ள கமோடு நாற்காலி ஒன்றை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ அதன்மேல் போட்டுக்கொள்ளுங்கள். இதில் சிக்கனம் வேண்டாம்.

ஊன்றும் நாள்

ஒரே மாதிரி முறிவுக்கு ஒரு டாக்டர் 2 வாரத்தில் ஊன்றச் சொல்வார், இன்னொருவர் 6 வாரம் என்பார். பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். பிரிட்டனில் 561 பேரைக் கொண்டு நடந்து 2024-ல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், 2 வாரத்தில் ஊன்றத் தொடங்கியவர்கள் 6 வாரம் காத்தவர்களைவிடப் பின்தங்கவில்லை. ஆனால் அந்த முடிவு எல்லாக் காலுக்கும் பொருந்தாது. எலும்பு நொறுங்கியிருந்தால், குறுக்கு ஸ்குரூ இருந்தால், சர்க்கரையால் பாதம் மரத்துப்போயிருந்தால் சர்ஜன் நாளைத் தள்ளிப்போடுவார். சர்க்கரையால் உணர்ச்சி குறைந்த கால் உடைந்தால் ஊன்றாத காலத்தை இரட்டிப்பாக்குவதும் உண்டு. வலி தெரியாததால் அவர்கள் அறியாமலேயே பிளேட்டை வளைத்துவிடக்கூடும்.

"கொஞ்சம் கொஞ்சமாக ஊன்றுங்கள்" என்று சொல்லி அனுப்புவார்கள். கொஞ்சம் என்பது எவ்வளவு? எடை பார்க்கும் கருவி ஒன்றைத் தரையில் வையுங்கள். அதே உயரத்தில் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு நல்ல காலை அதில் வையுங்கள். வாக்கரைப் பிடித்தபடி, அடிபட்ட காலைக் கருவிமேல் மெல்ல அழுத்துங்கள். 60 கிலோ எடை உள்ளவருக்குக் கால் பங்கு என்றால் முள் 15-ல் நிற்க வேண்டும். கண்ணால் பார்த்தபடி பத்து முறை அழுத்தினால் உடம்புக்கு அந்த அளவு பழகிவிடும். முதல் முறை அழுத்தும்போது 15 கிலோ என்று நினைத்து 4 கிலோதான் வைப்பார்கள். சிலர் யோசிக்காமல் 40 வைப்பார்கள். பயமும் துணிச்சலும் இரண்டுமே தப்பாகத்தான் அளக்கின்றன.

வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறும்போது தடி நல்ல கால் பக்கத்துக் கையில் இருக்க வேண்டும். பத்தில் எட்டுப் பேர் அடிபட்ட பக்கமே பிடித்துக்கொண்டு வருகிறார்கள் என்றுகூடத் தோன்றும். மாடிப்படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். டவுன் பஸ்ஸின் உயரமான படிக்கும் இதே விதிதான். தடியை விட அவசரப்பட வேண்டாம். நொண்டாமல் தடியோடு நடப்பது, தடியில்லாமல் நொண்டுவதைவிட எவ்வளவோ மேல். நொண்டல் பழகிவிட்டால் அதை மறக்கடிப்பது எலும்பு ஒட்டுவதைவிடக் கடினம்.

அசைவை மீட்பது

கட்டுப் பிரித்து டாக்டர் அனுமதித்த நாளிலிருந்து தொடங்குங்கள். பாதத்தை மேலே இழுப்பது, கீழே தள்ளுவது, ஒவ்வொன்றும் 15 முறை, நாளைக்கு நான்கைந்து தடவை. பிறகு கால் நீட்டி உட்கார்ந்து, பெருவிரலால் காற்றில் அகர வரிசை எழுதுங்கள். அ-வின் சுழி, ஆ-வின் கொக்கி, ஈ-யின் இரண்டு புள்ளி, ஔ வரை. நம் எழுத்துகளில் வளைவு அதிகம் என்பதால் கரண்டை எல்லாத் திசையிலும் சுற்றி வருகிறது. முழங்காலை ஆட்டாமல் எழுத வேண்டும். முதல் வாரம் இ-யிலேயே நின்றுபோகும்.

வெளிப்பக்க ஜவ்வைத் தைத்தவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். பாதத்தை உள்பக்கமாகச் சாய்க்கும் அசைவு தைத்த இடத்தையே இழுக்கும். பெரும்பாலான சர்ஜன்கள் முதல் 6 வாரம் அதைத் தடுத்து, கரண்டைக்கு பிரேஸ் போடச் சொல்வார்கள். அவர்களுக்கு அகர வரிசை அந்த 6 வாரம் கழித்துத்தான். மேலும் கீழும் மட்டும் போதும்.

முழுதாக ஊன்ற அனுமதி கிடைத்ததும் ஒரு சுவர்ச் சோதனை செய்யுங்கள். வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். தொட முடிந்தால் பாதத்தைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தி மறுபடி தொடுங்கள். கடைசியாகத் தொட முடிந்த இடத்தில் பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் என்று பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்து நாட்காட்டியில் எழுதுங்கள். நல்ல காலையும் அளந்துகொள்ளுங்கள். நல்ல கால் 10, அடிபட்டது 3 என்பது போலத் தொடங்கும். வாரம் ஒருமுறை அளந்தால் போதும். வலிக்கும் நாளில் முன்னேற்றமே இல்லை என்று மனம் சோரும்போது அந்த எண்கள் பேசும்.

தழும்பு நன்றாகக் காய்ந்தபின் தேங்காய் எண்ணெய் தொட்டு விரல் நுனியால் வட்டமாக 5 நிமிடம் தேய்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம். உருவிவிடுகிறேன், நரம்பைத் தட்டி எடுக்கிறேன் என்று யார் வந்தாலும், உள்ளே பிளேட் இருக்கும் காலை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள்.

குந்துவதும் சம்மணமும்

வெளிநாட்டுப் பயிற்சித் தாள்களில் இது இருக்காது. அங்கே நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து, சமதரையில் நடந்துவிட்டால் குணமாகிவிட்டது என்று கணக்கு. மல்லிகைத் தோட்டத்தில் மொட்டுப் பறிப்பவருக்கும் களை எடுப்பவருக்கும் குந்தி உட்கார முடியவில்லை என்றால் பிழைப்பே இல்லை. தொழுகைக்கு அமர்பவருக்கும், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுபவருக்கும், பேரனை மடியில் வைத்துக் காது குத்துபவருக்கும் தரைதான் வேண்டும். டாக்டரிடம் உங்கள் வேலையையும் பழக்கத்தையும் முதல் நாளே சொல்லுங்கள்.

குந்துவதற்குப் பாதம் நன்றாக மேல்நோக்கி மடங்க வேண்டும். 12 வாரத்துக்குப் பிறகு, எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சரி என்றதும் தொடங்கலாம். ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். மடித்த துண்டை இரண்டு குதிகால்களுக்கும் அடியில் வைத்து, பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு அதில் உட்கார்ந்து எழுங்கள். சில நாள் கழித்து முக்காலிக்குப் பதிலாக மணை. பிறகு துண்டின் மடிப்பை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். கடைசியில் மணையும் துண்டும் இல்லாமல் கம்பி மட்டும். கரண்டையின் முன்பக்கம் கிள்ளுவது போல வலித்தால் ஒரு படி பின்னுக்குப் போய்விடுங்கள். என் அம்மாவுக்கு மணையிலிருந்து தரைக்கு வர மட்டும் ஏழு வாரம் ஆனது.

சம்மணத்தில் சிக்கல் வேறு. வெளிப்பக்கக் கரண்டை நேராகத் தரையில் அழுந்துகிறது. பிளேட் இருப்பதும் அங்கேதான். அந்த இடத்தில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதை கிடையாது. மொசைக் தரையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் சுரீர் என்று குத்தும். தலைச்சுமைக்குச் சும்மாடு சுற்றுவது போல ஒரு துண்டை வளையமாகச் சுற்றி, அதன் குழிக்குள் கரண்டை முட்டி அமரும்படி வையுங்கள். அழுத்தம் சுற்றிலும் பரவிவிடும். சம்மணத்தில் பாதம் உள்பக்கமாகத் திரும்புவதால், ஜவ்வு தைத்தவர்கள் டாக்டர் சொல்லும் வரை, குறைந்தது மூன்று மாதமாவது, பொறுத்திருக்க வேண்டும்.

வலுவும் நிலையும்

சமையல் மேடையைப் பிடித்து இரண்டு காலாலும் குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், 10 முறை. வலியில்லாமல் 20 ஆனதும், இரண்டு காலால் ஏறி அடிபட்ட காலால் மட்டும் இறங்குங்கள். அதன்பின்தான் ஒற்றைக் காலில் ஏறுவது. நல்ல காலால் எத்தனை முறை முடிகிறதோ அத்தனையும் அடிபட்ட காலால் முடிவது இலக்கு. அதற்குப் பல மாதம் ஆகும்.

ஜவ்வுக்குள் இருக்கும் நுண்ணிய நரம்பு முனைகள்தான் பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்பவை. ஜவ்வு கிழிந்தால் அந்தச் செய்தி மங்கிவிடும். அதனால்தான் ஒருமுறை பிசகிய கால் மறுபடி மறுபடி பிசகுகிறது. பல் துலக்கும்போது கையெட்டும் தூரத்தில் சுவர் இருக்க, ஒற்றைக் காலில் நில்லுங்கள். 10 விநாடி, பிறகு 30. அது எளிதானதும் கண்ணை மூடி, அதன்பின் மடித்த போர்வைமேல். கபடிக்கும் ஜல்லிக்கட்டுக் களத்துக்கும் திரும்ப நினைக்கும் தம்பிகளுக்கு: ஒற்றைக் காலில் குதித்து, ஆடாமல் நிற்க முடிகிற வரை களம் வேண்டாம். மணலும் நெரிசலும் கலந்த வாடிவாசலில் தடுமாற இடம் கிடையாது.

நடைப் பயிற்சிக்கு மதுரையில் நான் அனுப்பும் இடம் வண்டியூர் தெப்பக்குளம். சமதளம், உட்காரச் சுவர், ஒரு பக்கம் ஏறக்குறைய 300 மீட்டர். முதலில் ஒரு பக்கம் போய்த் திரும்புங்கள். அடுத்த நாள் காலையில் வீக்கம் கூடியிருந்தால் நேற்றைய தூரம் அதிகம் என்று பொருள். மாலையில் கால் வீங்குவது ஆறு மாதம், ஒரு வருடம் வரைகூட இருக்கும். காலையில் வடிந்துவிட்டால் சரி. கோயிலுக்குப் போகும்போது ஒரு எச்சரிக்கை. வெளிப்பக்க அறுவைக்குப் பிறகு பாதத்தின் மேல்புறமோ விளிம்போ மரத்துப்போவது உண்டு. சர்க்கரை இருந்தால் உள்ளங்காலும் மரத்திருக்கும். மீனாட்சி அம்மன் கோயில் ஆடி வீதிக் கல் உச்சி வெயிலில் கொதிக்கும்போது அது உங்களுக்குத் தெரியாது, கொப்புளம்தான் சொல்லும். காலையில் சீக்கிரம் போங்கள்.

வண்டி, சாப்பாடு, உதவி

மோட்டார் சைக்கிளில் வலது கால் பிரேக், இடது கால் கியர். காரில் பிரேக் மிதிக்கும் வேகத்தை அளந்த 2003-ஆம் ஆண்டு ஆய்வில், வலது கணுக்கால் அறுவை ஆனவர்களுக்கு அது இயல்புக்குத் திரும்ப 9 வாரம் ஆனது. ஸ்கூட்டரில் கால் வேலை இல்லை என்பார்கள். சிக்னலில் வண்டி சாயும்போது முழுப் பாரத்தையும் தாங்குவது அந்தக் கால்தான்.

ஆட்டுக்கால் சூப் குடியுங்கள், பிரண்டைத் துவையல் சாப்பிடுங்கள், தடை இல்லை. ஆனால் சூப்பில் சுண்ணாம்புச் சத்து நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. பால், தயிர், கேழ்வரகு, முட்டை, பருப்பு, மீன் தினமும் வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். பீடி, சிகரெட்டை இந்த மூன்று மாதமாவது நிறுத்தியே ஆக வேண்டும்; புண் ஆறுவதையும் எலும்பு கூடுவதையும் அவை நேரடியாகத் தாமதப்படுத்துகின்றன.

காசு இல்லாததால் பயிற்சியை நிறுத்தாதீர்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையில் இயன்முறைச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. நகர்ந்து போக முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள்.

கடைசியாக எல்லோரும் கேட்பது: பிளேட்டை எடுக்க வேண்டுமா? தொந்தரவு இல்லையென்றால் வாழ்நாள் முழுவதும் உள்ளேயே இருக்கலாம். குறுக்கு ஸ்குரூவைச் சில சர்ஜன்கள் மூன்று மாதம் கழித்து எடுப்பார்கள், சிலர் அப்படியே விட்டுவிடுவார்கள். சம்மணத்தில் குத்துவது, செருப்பு வார் உரசுவது தாங்க முடியவில்லை என்றால், எலும்பு முழுதாகக் கூடியபின், பெரும்பாலும் ஒரு வருடம் கழித்து எடுக்கலாம். எடுத்தபின் ஸ்குரூ இருந்த துளைகள் நிரம்பும் வரை சில வாரம் ஓட்டமும் குதிப்பும் கூடாது. என் அம்மா எடுக்கவில்லை. சும்மாடு போதும் என்றுவிட்டார்.